புது வார்ட்ரோப்பின் நெடியும் சோபாவின் லேபிளும்: எதற்குச் சட்டம் இருக்கிறது, எதற்கு இல்லை

மதுரை திருநகரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "மூன்று மாதத்துக்கு முன்னால் புது வீட்டுக்கு ஆசாரியை வைத்து வார்ட்ரோப், கட்டில் எல்லாம் செய்தோம். சோபா கடையில் வாங்கினோம். படுக்கையறைக் கதவைத் திறந்தாலே கண் எரிகிறது. வளைகாப்பு முடிந்து மகள் வந்திருக்கிறாள், பிள்ளை பெற்று இந்த வீட்டில்தான் இருக்கப் போகிறாள். கலிஃபோர்னியாவில் இருக்கும் என் தம்பி, அங்கே சோபாவில் ரசாயனம் சேர்த்திருக்கிறதா இல்லையா என்று லேபிள் ஒட்டச் சட்டமே இருக்கிறது என்கிறான். நம் ஊரில் அப்படி ஒன்றும் கிடையாதா? யாரிடம் புகார் செய்வது? ஊர் திரும்பும்போது அவனுடைய சோபாவைக் கன்டெய்னரில் கொண்டுவரட்டுமா என்றும் கேட்கிறான்."

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். மகளை இன்றைக்கே அந்த அறையிலிருந்து மாற்றுங்கள். ஹாலோ, பழைய மரச்சாமான் மட்டும் இருக்கும் அறையோ போதும். கண் எரிவது அநேகமாக சோபாவால் இல்லை, வார்ட்ரோப்பால். தம்பி சொல்லும் சட்டம் உண்மை. ஆனால் அது பேசுவது வேறு ரசாயனத்தை. இரண்டையும் கலக்காமல் பார்த்தால்தான் எதற்கு யாரைக் கேட்பது என்பது விளங்கும்.

உங்கள் கண்ணை எரிப்பது பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு. பிளைவுட், பார்ட்டிகிள் போர்டு, எம்டிஎஃப் எல்லாம் மரத்தைப் பசையால் ஒட்டிச் செய்யும் பலகைகள். மலிவான பசை யூரியா ஃபார்மால்டிஹைடு. கடையில் 'எம்ஆர் கிரேடு' என்று தருவது பொதுவாக இந்தப் பசை போட்டதுதான். பசை முழுதாக இறுகிய பிறகும் அதில் ஒட்டாமல் நின்ற ஃபார்மால்டிஹைடு வாயுவாகக் கசிந்துகொண்டே இருக்கும். போதாததற்கு, காற்றின் ஈரம் பட்டால் பசையே கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து புதிதாக வாயு விடும். முதல் சில மாதங்கள் அதிகம், பிறகு மெல்லக் குறையும், முழுதாக அடங்க ஒன்றிரண்டு வருடம்கூட ஆகலாம். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் வகையில் இதை 2004-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வைத்தது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. மூன்று மாத நெடியால் யாருக்கும் உடனே புற்றுநோய் வந்துவிடாது. ஆனால் கண், மூக்கு, தொண்டை எரிச்சலும், இழுப்பு உள்ள பிள்ளைகளுக்கு மூச்சுத் தொல்லையும் நிஜம். அறைக்குள் அரை மணி நேரச் சராசரி ஒரு கனமீட்டர் காற்றில் 0.1 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்.

இதற்கு அமெரிக்காவில் சட்டம் வந்த கதை நமக்குப் பொருந்தும், ஏனென்றால் அதில் வெயில் வருகிறது. 2005-ல் கத்ரீனா புயலில் வீடிழந்தவர்களை அந்நாட்டு அரசு தற்காலிக டிரெய்லர் வீடுகளில் குடிவைத்தது. பலகையால் இழைத்த சின்னச் சின்ன அறைகள். சனங்களுக்குக் கண் எரிச்சல், மூக்கில் ரத்தம், இருமல். 519 டிரெய்லர்களில் அரசு நோய்த்தடுப்பு மையம் காற்றைச் சோதித்தபோது சராசரி 77 பிபிபி (நூறு கோடிப் பங்கில் 77 பங்கு), அதாவது 0.077 பிபிஎம் (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). அதுவும் 2007 கடைசி, 2008 தொடக்கம் என்று குளிர்காலத்தில் எடுத்த அளவு. கோடையில் இன்னும் ஏறும், அதற்குள் வெளியேற்றுங்கள் என்றது அந்த மையம். அதற்கு முன்பே 2007-ல் கலிஃபோர்னியா மாநிலம் பலகைகளுக்கு வரம்பு கொண்டுவந்திருந்தது. 2010-ல் அதே வரம்புகளை நாடு முழுவதற்கும் சட்டமாக்கினார்கள். பிளைவுட்டுக்கு 0.05 பிபிஎம், பார்ட்டிகிள் போர்டுக்கு 0.09, எம்டிஎஃப்புக்கு 0.11. பலகைக்கு மட்டுமல்ல, அந்தப் பலகையில் செய்து முடித்த அலமாரிக்கும் இது பொருந்தும். இங்கிருந்து அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகும் மேசையும் இதைத் தாண்டித்தான் போகவேண்டும். ஐரோப்பாவில் 2026 ஆகஸ்டிலிருந்து மரச்சாமானுக்கு ஒரு கனமீட்டருக்கு 0.062 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள்.

இந்த எண்களை நம் ஊருக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பதைப் பலகை விற்பவர்கள் சொல்வதில்லை. பலகையை ஒரு மூடிய பெட்டியில் வைத்து அளப்பார்கள். ஐரோப்பியச் சோதனையில் பெட்டிக்குள் வெப்பம் 23 டிகிரி, ஈரப்பதம் 45 சதவீதம். அமெரிக்கச் சோதனையில் 25 டிகிரி, 50 சதவீதம். மதுரையில் மார்கழி விடியற்காலையில் வேண்டுமானால் 23 டிகிரி இருக்கும். சித்திரையில் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையை மத்தியானம் பூட்டிவைத்தால் உள்ளே 35-க்கு மேல் போகும். வெப்பம் ஆறேழு டிகிரி ஏறினால் கசிவு ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது நெடுநாளாகப் புழங்கும் கணக்கு. ஆக, சோதனையில் தேறிய பலகையும் நம் வீட்டில் மூன்று நான்கு மடங்கு விடலாம். அட்டையில் 'ஈ-1' (கசிவு குறைவு என்பதற்கான ஐரோப்பிய வகுப்பு) என்று போட்டிருக்கிறதே, பிறகு ஏன் எரிகிறது என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான். 'ஈ-0' என்று ஒன்றைக் கூடுதல் விலைக்குக் காட்டுவார்கள். ஐரோப்பியத் தரத்தில் அப்படி ஒரு வகுப்பே கிடையாது. அதை வாங்கக்கூடாது என்று சொல்லவில்லை. எந்தச் சோதனை, என்ன அளவு என்று தாளைக் காட்டச் சொல்லுங்கள்.

சரி, நம் சட்டம். மரச்சாமானில் உள்ள ரசாயனத்துக்கென்று ஒரே சட்டம் இந்தியாவில் இல்லை. துண்டு துண்டாக இருக்கிறது.

பலகையைப் பொறுத்தவரை, பிளைவுட்டுக்கும் பார்ட்டிகிள் போர்டு, எம்டிஎஃப் போன்றவற்றுக்கும் மத்திய அரசு தரக்கட்டுப்பாட்டு ஆணை போட்டது. தேதி தள்ளித் தள்ளி 2025-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத பலகையைத் தயாரிப்பதும் விற்பதும் குற்றம். 2016-ம் வருட பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) சட்டத்தில் முதல் தடவைக்கே குறைந்தது 2 லட்ச ரூபாய் அபராதம், அல்லது 2 வருடம் வரை சிறை. காகிதத்தில் பல்லுள்ள சட்டம்தான். ஆனால் அது கேட்பது பலகையை. உங்கள் ஆசாரி அதை அறுத்து, மைக்கா ஒட்டி, அலமாரியாக நிறுத்திய பிறகு அந்த அறையின் காற்றை எந்த அதிகாரியும் அளக்க வரமாட்டார். 2025 பிப்ரவரியில் மேசை, நாற்காலி, கட்டில், அலமாரிக்கும் தனியாக ஓர் ஆணை அறிவித்தார்கள். அதில் சொல்லியிருக்கும் தரங்கள் முக்கியமாகப் பார்ப்பது சாயாமல் நிற்கிறதா, பாரம் தாங்குகிறதா என்பதைத்தான்.

பெயிண்ட்டுக்கு நல்ல சட்டம் இருக்கிறது. வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்ற விதி 2016-ல் வந்து, 2017 நவம்பரிலிருந்து அமலில் இருக்கிறது. தொழிற்சாலைப் பயன்பாட்டுப் பெயிண்ட் இதற்குள் வராது. அதனால் கட்டிலுக்கும் தொட்டிலுக்கும் பளபளப்பாக அடிக்கிறேன் என்று யாராவது இரும்புக் கேட்டுக்கு அடிக்கும் டப்பாவைத் திறந்தால் தடுத்துவிடுங்கள். மஞ்சளும் சிவப்பும் பச்சையும்தான் ஈயம் அதிகம் இருக்க வாய்ப்புள்ள நிறங்கள். யாரோ கொடுத்த பழைய பெயிண்ட் அடித்த மரத்தொட்டிலை, பிள்ளை கட்டையைக் கடிக்கும் வயதில் தரவே வேண்டாம். நூல் சேலையில் கட்டிய தூளிக்கு இந்த வம்பே இல்லை.

மூன்றாவது துண்டு, உங்கள் தம்பி சொல்லும் விஷயத்தைத் தொடுகிறது. எளிதில் சிதையாமல் தங்கும் நச்சு ரசாயனங்களைத் தடுக்கும் சர்வதேச ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தில் உள்ள ஏழு ரசாயனங்களை 2018 மார்ச்சில் இந்தியா தடை செய்தது. அதில் சில, சோபா ஃபோமிலும் மின்சாதனங்களிலும் தீப்பிடிக்காமலிருக்கச் சேர்த்துவந்த புரோமின் ரசாயனங்கள். அவை எப்படி சோபாவுக்குள் போயின என்பதுதான் வேடிக்கை. சட்டத்தால்தான் போயின.

1975-ல் கலிஃபோர்னியா மாநிலம் 'தொழில்நுட்பக் குறிப்பு 117' (சுருக்கமாக டிபி 117) என்று ஒரு விதி கொண்டுவந்தது. மெத்தையிருக்கைக்குள் இருக்கும் வெறும் ஃபோம் 12 விநாடி சின்னச் சுடரைத் தாங்கவேண்டும். ரசாயனம் சேர் என்று விதி சொல்லவில்லை, ஆனால் சேர்க்காமல் அந்தச் சோதனையில் தேறுவது கடினம். பெரிய சந்தை என்பதால் கம்பெனிகள் நாடு முழுக்க அதே சோபாவை விற்றன. இத்தனைக்கும் வீடுகளில் நடந்த தீவிபத்துகளில் முக்கியக் காரணம் சோபாவில் விழுந்து புகைந்த சிகரெட். சிகரெட் தானாக அணையும்படி செய்யச் சொன்னால் புகையிலைக் கம்பெனிகளுக்கு வலித்தது. பழியும் வேலையும் சோபாவின் தலையில் விழ அவர்களும் பாடுபட்டார்கள் என்பதை 2012-ல் சிகாகோ டிரிபியூன் ஆவணங்களோடு எழுதியது. ரசாயனத்துக்கு ஆதரவாகச் சட்டமன்றக் குழுவில் சாட்சி சொன்ன தீக்காய மருத்துவர் ஒருவர் விவரித்த குழந்தை மரணங்கள் அவர் சொன்னபடி நடக்கவே இல்லை என்பதும் அப்போது வெளியானது. பயனாவது இருந்ததா என்றால், தீ முதலில் பிடிப்பது மேல்துணியை. துணி எரிந்து பெரிய சுடரோடு வந்தால் உள்ளே இருக்கும் ஃபோமில் என்ன சேர்த்திருந்தாலும் தாக்குப்பிடிக்காது.

சேர்த்த ரசாயனமோ ஃபோமோடு பிணைந்திருக்கவில்லை. உட்கார்ந்து எழுந்து எழுந்து தூசியாக வெளியே வந்தது. தரையில் தவழ்ந்து கையை வாயில் வைக்கும் குழந்தைகளுக்குத்தான் அதிகம் போனது. கலிஃபோர்னியா வீடுகளின் தூசியிலும் மக்களின் ரத்தத்திலும் அமெரிக்காவின் மற்ற பகுதிகளைவிட அளவு கூடுதலாக இருந்தது. ஒன்றைத் தடுத்தால் இன்னொன்று வரும். குழந்தைகளின் இரவுடையில் போட்டுவந்த 'ட்ரிஸ்' ரசாயனத்தை 1977-ல் தடுத்தார்கள். அதன் குளோரின் தம்பி பிற்பாடு சோபாவுக்குள் குடியேறியது. 1985 முதல் 2010 வரை அமெரிக்காவில் வாங்கிய 102 சோபாக்களின் ஃபோமை டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தபோது 85 சதவீதத்தில் ஏதோ ஒரு தீத்தடுப்பு ரசாயனம் இருந்தது.

பிறகு அதே மாநிலம் தன் விதியைத் திருத்தியது. 2014-லிருந்து சுடர்ச் சோதனைக்குப் பதில், மேல்துணி புகைந்து பரவுகிறதா என்ற சோதனை வந்தது. ரசாயனம் இல்லாமலே தேறலாம். 2015-லிருந்து லேபிள் கட்டாயம்: தீத்தடுப்பு ரசாயனம் சேர்க்கப்பட்டது, சேர்க்கப்படவில்லை என்று இரண்டு கட்டம், ஒன்றில் குறி. உங்கள் தம்பி பார்ப்பது அதுதான். 2020-லிருந்து 1000 பிபிஎம்முக்கு மேல் சேர்ப்பதற்கே தடை. மெய்ன் மாநிலம் அதற்கு ஒரு வருடம் முன்னாலேயே தடுத்துவிட்டது. 2021-ல் கலிஃபோர்னியாவின் புகைச்சல் சோதனையே நாடு முழுவதற்கும் விதியானது. நாற்பது வருடம் ஒரு மாநிலச் சட்டம் வீட்டுக்குள் விட்டதை, அதே மாநிலம் இன்னொரு சட்டம் போட்டு வெளியே அனுப்பவேண்டி வந்தது.

நம் ஊரில் வீட்டு சோபாவுக்குத் தீச்சோதனை கட்டாயம் என்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அதனால் உள்ளூரில் மரச்சட்டம் அடித்து ஃபோம் வைத்துத் தைக்கும் சோபாவில், செலவு பிடிக்கும் அந்த ரசாயனத்தைச் சேர்க்க யாருக்கும் காரணமில்லை. இது நம் சாமர்த்தியம் இல்லை, நம்மை யாரும் கண்டுகொள்ளாததால் வந்த லாபம். ஒரே ஒரு எச்சரிக்கை, 'ரீபாண்டட்' ஃபோம். வெட்டு ஃபோம் துண்டுகளை அரைத்து ஒட்டிச் செய்வது, மலிவு மெத்தையில் அடியில் இருக்கும், பல நிறப் புள்ளிகளாகத் தெரியும். அந்தத் துண்டுகள் எங்கிருந்து வந்தன என்று கடைக்காரருக்கே தெரியாது. பழைய ஃபோமை அரைத்துச் செய்த விரிப்புகளில் தடை செய்த ரசாயனங்கள் திரும்ப வந்ததை வெளிநாடுகளில் கண்டிருக்கிறார்கள். பச்சைக் குழந்தைக்கு மெத்தை வேண்டுமென்றால் போடி, வருசநாடு பக்கத்து இலவம்பஞ்சை வாங்கி, துணி உறை தைத்துக்கொள்ளுங்கள். பசை இல்லை, ஃபோம் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை வெயிலில் போட்டு அடிக்கவேண்டும், அவ்வளவுதான். இலவம்பஞ்சு சட்டென்று தீப்பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் கொசுவத்தி வைக்காதீர்கள்.

கொசுவத்தி என்றதும் இன்னொன்று. நெடி போகட்டும் என்று சாம்பிராணி போடுவார்கள். சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவத்திச் சுருள் எல்லாவற்றின் புகையிலும் அதே ஃபார்மால்டிஹைடு இருக்கிறது. நெடியை மறைக்கும், அளவை ஏற்றும். புது வார்ட்ரோப்பில் அந்துருண்டையும் போடாதீர்கள். ஜி6பிடி என்ற நொதியின் பிறவிக் குறைபாடு உள்ள சிசுவுக்கு அதன் ஆவியே ரத்த அணுக்களை உடைக்கும், குறைபாடு இருப்பது பிறந்த உடனே தெரியாது.

இப்போது வார்ட்ரோப்பை என்ன செய்வது? உடைத்துப் போடத் தேவையில்லை. கதவுகளையும் டிராயர்களையும் முழுக்கத் திறந்துவைத்து, எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, மின்விசிறி ஒன்றை வெளியே பார்த்துத் திருப்பி ஓடவிடுங்கள். மத்தியானச் சூட்டில் செய்தால்தான் பலன் அதிகம், அப்போதுதான் பலகை நன்றாகக் கக்கும். இரண்டு மூன்று வாரம் விடாமல் செய்யுங்கள். ஏசி போட்டால் நெடி குறைந்ததுபோல இருக்கும். ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே இழுக்காது, அறைக்குள் இருப்பதையே சுற்றிவிடும் என்பதால் அதை நம்பவேண்டாம்.

அதோடு, ஆசாரியை ஒருநாள் கூப்பிட்டு மைக்கா ஒட்டாத இடங்களை மூடச் சொல்லுங்கள். தட்டுகளின் அடிப்பக்கம், பின்பலகை, அறுத்த விளிம்பு, கீல் திருகிய ஓட்டைகள், சுவரைப் பார்த்த முதுகு. வெட்டுவாயில்தான் கசிவு அதிகம், அதையே யாரும் கவனிப்பதில்லை. பழைய ஆசாரிகள் அடிக்கும் அரக்குப் பாலிஷ் இந்த வாயுவை நன்றாகத் தடுக்கும். இரண்டு மூன்று கை அடித்தால் போதும். கரையானுக்கு என்ன மருந்து தடவினார் என்றும் அப்போதே கேளுங்கள். பலரும் குளோர்பைரிபாஸ் தடவுவார்கள். 2025-ல் அதையும் சில விலக்குகளோடு ஸ்டாக்ஹோம் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். குழந்தை படுக்கும் அறையில் வேண்டாம். ஆன்லைனில் விற்கும் கைக்கு அடக்கமான மீட்டரை வாங்கிப் பணத்தை விரயம் செய்யாதீர்கள். சென்ட் அடித்தாலும் சானிடைசர் தடவினாலும் அதில் எண் எகிறும்.

அடுத்து ஏதாவது செய்தால், பலகை வாங்கும்போதே பேசி முடியுங்கள். 'பிடபிள்யூஆர்' கிரேடு கேளுங்கள், சமையலறைக்கு மட்டுமல்ல, படுக்கையறைக்கும். தண்ணீர் தாங்குவதற்காக விற்பது அது. ஃபினாலிக் பசை போட்டதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அதன் பிணைப்பு வலுவானது, கசிவு மிகக் குறைவு. சதுர அடிக்குக் கொஞ்சம் கூடுதல் ஆகும். மைக்கா ஒட்டுவதற்கு முன்னால் பலகையில் அச்சடித்திருக்கும் ஐஎஸ் எண்ணையும் (இந்தியத் தர எண்) சிஎம்/எல் உரிம எண்ணையும் போனில் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

புகாருக்கும் அந்தப் படம்தான் ஆதாரம். உங்கள் வீட்டில் வெட்டி மிஞ்சிய துண்டு ஏதாவது கிடக்கிறதா பாருங்கள், அதில் முத்திரை இருக்கலாம். 'பிஐஎஸ் கேர்' செயலியில் உரிம எண்ணைப் போட்டால் அது யாருடையது, உயிரோடு இருக்கிறதா என்று காட்டும். முத்திரையே இல்லை, அல்லது எண் பொய் என்றால் அந்தச் செயலியிலேயே புகார் செய்யலாம். பிஐஎஸ்ஸுக்கு மதுரையிலேயே கிளை அலுவலகமும் இருக்கிறது. கடையோடு பேசிப் பணம் திரும்பப் பெறுவதென்றால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அது நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, 2 வருடத்துக்குள் போகவேண்டும். சரக்கில் குறை என்றால் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் பில் இல்லாமல், பலகையை ஆசாரியே வாங்கிவந்து மொத்தமாகக் கணக்குப் பார்த்திருந்தால் வழக்கு நிற்பது கஷ்டம். நம் ஊரில் பாதி வேலை அப்படித்தான் நடக்கிறது.

கடைசியாக, தம்பியின் சோபா. மெத்தையின் அடியில் உள்ள வெள்ளை லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 'டிபி 117-2013' என்று போட்டு, ரசாயனம் சேர்க்கப்படவில்லை என்ற கட்டத்தில் குறி இருந்தால் தாராளமாகக் கொண்டுவரலாம். 2013 என்ற எண் இல்லாமல் வெறும் 117 என்று இருந்தால் அது பழைய விதியில் செய்தது, ரசாயனம் இருக்க வாய்ப்பு மிக அதிகம். உறை கிழிந்து ஃபோம் பொடியாக உதிர ஆரம்பித்திருந்தால் யோசிக்கவே வேண்டாம், கன்டெய்னரில் அந்த இடத்துக்கு வேறு ஏதாவது ஏற்றட்டும். நீங்கள் இங்கே வாங்கிய சோபாவை மாற்றவேண்டியதில்லை. அதில் அடிப்பது ரப்பர் சொல்யூஷன் வாசனையாகத்தான் இருக்கும், காற்றோட்டமாக வைத்தால் சில வாரத்தில் போய்விடும்.